சுவருக்குள் இருந்த சுந்தரர்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கருவறைக்கு இரட்டைச் சுவர் உண்டு. அவ்விரு சுவர்களுக்கும் இடையே கருவறையை வலம் வருமாறு ஒரு சுற்றுவழி அமைந்திருக்கிறது. வழிபட வரும் பொதுமக்கள் அங்கே செல்வதில்லை. வெளிச்சம் புகாத அந்த வழிக்குள் 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி விளக்குடன் நுழைந்தார். சுவரெங்கும் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. சில இடங்களில் அந்தப் பூச்சு பெயர்ந்து கிடந்தது. பெயர்ந்த இடத்தில் கருங்கல் தெரியவில்லை. இன்னொரு பூச்சும் அதன்மேல் வேறொரு கோடும் வேறொரு வண்ணமும் தெரிந்தன. இராசராச சோழன் காலத்து ஓவியர்கள் எழுதிய சித்திரங்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து இவ்வாறு வெளிப்பட்டன.

அச்சித்திரங்களுள் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறும் ஒன்று. திருமணத்தைத் தடுத்து ஆட்கொள்ள வந்த முதியவர், குடையும் கையுமாக, ஓலையை நீட்டி வழக்குரைக்கிறார். அவையோர் வியந்து நோக்குகின்றனர். அதே சுவரில் வெள்ளானை மீது சுந்தரரும், குதிரை மீது சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரைகின்றனர். வேறொரு பக்கம் முப்புரம் எரிக்கப் புறப்பட்ட ஈசன் தேர்மேல் நிற்கிறான். பிரமன் தேரைச் செலுத்துகிறான். ஈசனின் விழிகளில் தெரியும் சினம் அந்தக் குறுகிய வழியில் நிற்பவரைப் பின்வாங்கச் செய்யும்.

பக்தர்கள் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். தஞ்சைக் கோயிலின் விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் வேய்ந்த குடத்தை இராசராசன் அளித்தது 1010ஆம் ஆண்டில். ஆகவே, பெரியபுராணம் ஓலையில் ஏறுவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே தடுத்தாட்கொண்ட வரலாறு தஞ்சைச் சுவரில் ஏறிவிட்டது. சுந்தரர் கதையைச் சோழநாட்டார் எவ்வாறு கேட்டிருந்தனர், முதியவரை எத்தகைய தோற்றத்தில் கண்டனர், வழக்கு நடந்த அவையை எவ்வாறு மனத்தில் கொண்டனர் என்பதற்கு அச்சுவரே சான்று. அதனை ஓவியம் என்று மட்டும் சொல்வது போதாது. ஏடு என்றும் சொல்ல வேண்டும். தமிழ் வழக்கும் அதற்கு இடம் தருகிறது. பாட்டையும் எழுதுகிறோம், படத்தையும் எழுதுகிறோம் என்றுதான் பழந்தமிழர் சொல்லினர். தீட்டுவது, வரைவது என்னும் சொற்கள் அருகில் இருந்தும், ஓவியத்துக்கு 'எழுதுதல்' என்னும் சொல்லே நெடுங்காலம் நின்றது.

இத்தகைய ஏடு ஒன்று நம் ஊர்க் கோயிலின் சுவரில் இருந்தால் நாம் என்ன செய்வோம்? பல ஊர்களில் நடந்ததை வைத்துப் பார்த்தால் விடை கசப்பானது. குடமுழுக்கு நெருங்கும், 'சுவர் அழுக்கடைந்திருக்கிறது' என்று ஒருவர் சொல்வார், அடுத்த வாரம் அதன்மேல் வெள்ளை பூசப்பட்டிருக்கும். செய்தவர் நாத்திகர் அல்லர். கோயிலின்மேல் பகை கொண்டவரும் அல்லர். அன்போடு, தம் கைப்பொருளைச் செலவிட்டு, பெருமானுக்குத் தொண்டு என்று எண்ணியே செய்கின்றனர். அன்புடையவர் கையாலேயே இந்த இழப்பு நேர்வதற்குக் காரணம், கலையைப் பற்றி நம்மிடையே வேரூன்றிய ஒரு தவறான எண்ணம். கோயிலில் வழிபாடு வேறு, கலை வேறு. வழிபாடு உயிர், கலை மேற்பூச்சு. கலை ஓர் அலங்காரம் என்பதே அவ்வெண்ணம். அலங்காரம் என்றால் நேற்றைய மாலையைக் களைந்து இன்றைய மாலையைச் சாத்துவது போல அதையும் மாற்றிவிடலாம் அல்லவா?

கலை வெறும் அலங்காரம் என்றால், அது காண்பவர் கண்ணுக்காகவே இருக்க வேண்டும். தஞ்சைக் கோயில் அதற்கு மாறாகவே பேசுகிறது. மேற்சொன்ன ஓவியங்கள் இருட்டான சுற்றுவழியில் உள்ளன. அதற்கு நேர் மேலே, இரண்டாம் நிலையிலும் அதுபோன்ற ஒரு சுற்றுவழி உண்டு. அங்கே பரத சாத்திரம் கூறும் கரணங்களைச் சிற்பிகள் வரிசையாகச் செதுக்கியிருக்கின்றனர். ஆடுபவர் மானிடப் பெண்ணல்லர். நான்கு திருக்கரங்களுடன் ஈசனே ஆடுகிறான். நூற்றெட்டுக் கரணங்களுள் 81 மட்டுமே அங்கே முற்றுப்பெற்றுள்ளன. எஞ்சிய கற்கள் செதுக்கப்படாமல், இடம் ஒதுக்கப்பட்டு, வெறுமையாக நிற்கின்றன. பின்னாளில் சிதம்பரத்துக் கோபுர வாயில்களில், பரத சாத்திரத்து வடமொழி வாசகங்களுடன் கரணங்களைச் செதுக்கியபோது, அவை ஊரார் நாளும் நடந்து செல்லும் வழியில் அமைந்தன. தஞ்சையிலோ, கருவறைக்கு மேலே, ஊரார் ஏறாத இடத்தில் ஈசன் ஆடிக்கொண்டிருக்கிறான். கீழே இலிங்கத் திருமேனியாய் அசையாமல் இருப்பவன் மேலே அசைந்தாடுவதாகக் காட்டுவதுதான் அங்கே நோக்கம். எவரேனும் பார்க்கிறார்களா என்பதன்று. விமானத்தின் உயர்ந்த நிலைகளிலும் இதே நிலைதான். இருநூறு அடிக்கு மேல் எழுந்த அந்த விமானத்தின் மேற்பகுதியில் உள்ள திருவுருவங்களின் விரல் நுனியைக் கீழிருந்து காண இயலாது. ஆயினும் அங்கும் விரல்கள் செதுக்கப்பட்டே உள்ளன.

உற்சவத் திருமேனிகளைச் செய்வோரும் அவ்வாறே. சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் செப்புத் திருமேனி வார்க்கின்றனர். திருமேனி கோயிலுக்குச் சென்றபின் பட்டும் மாலையும் அணிகலனும் சாத்தப்பட்டு, முகமும் கரங்களும் பாதங்களுமே பெரும்பாலும் தெரியும். முதுகுப்புறம் தரிசனத்துக்கு வருவதே இல்லை எனலாம். எனினும் முதுகின் நடுவே ஓடும் பள்ளமும், பின்னே தொங்கும் சடையும், இடைக்கட்டின் முடிச்சும் முன்புறத்தைப் போலவே ஒழுங்காக அமைக்கப்படுகின்றன. அபிடேகம் செய்யும் அருச்சகர் ஒருவர் மட்டும் அதனைக் காண்பார். ஒருவரும் காணாவிட்டாலும் அது அவ்வாறே இருக்க வேண்டும் என்பது அத்தொழிலின் நெறி.

அத்திருமேனி உருவாகும் விதமும் அறியத்தக்கது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவம் செய்யப்படுகிறது. அதற்கு முன், செய்யவேண்டிய உயரத்துக்குத் தென்னோலை ஒன்றை நறுக்கி, அதை மடித்து மடித்து அளவுகளைக் குறிக்கின்றனர். ஒடியோலை என்பது அதன் பெயர். சிவபெருமான், திருமால் முதலிய பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், அதாவது உயரம் 124 கூறு. தேவியர்க்கு மத்திம தசதாலம், 120 கூறு. முகத்துக்கு எத்தனை, கழுத்துக்கு எத்தனை, முழங்காலுக்கு எத்தனை என்று ஓலையின் மடிப்பே சொல்லிவிடும். பின்னர் மெழுகுருவின்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசுகின்றனர். அது மெழுகின் ஒவ்வொரு வரியையும் பற்றிக்கொள்ளும். அதன்மேல் வயல் மண்ணும் மணலும் கலந்த தடித்த பூச்சு. அதற்கும் மேல் இரும்புக் கம்பிக் கட்டு. உலர்ந்தபின் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருகிய உலோகம் ஊற்றப்படும். ஆறியபின் மண்ணை உடைத்தே திருமேனியை எடுக்க வேண்டும். ஆகையால் ஓர் அச்சிலிருந்து ஒரே திருமேனிதான். அச்சும் உடைந்தது, மெழுகும் போயிற்று. வார்ப்பில் பிழை நேர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நூல்கள் இம்முறையை மதூச்சிட்ட விதானம் என்கின்றன.

ஓலையை மடித்து அளவெடுக்கிறார்கள் என்று கேட்டவுடன் கற்றோர் சிலர் வேறொரு தவறான எண்ணத்துக்குத் தாவுகின்றனர். அளவும் இலக்கணமும் முன்னரே விதிக்கப்பட்டுவிட்டால் அதில் கலை எங்கே இருக்கிறது, அது வெறும் கைத்தொழில்தானே என்று கேட்கின்றனர். கலை என்றால் கலைஞன் தன் உள்ளத்தில் தோன்றியதைத் தோன்றியவாறு வெளியிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நம் நாட்டில் இக்கேள்விக்குப் புதிதாக விடை தேட வேண்டியதில்லை. கல்யாணி இராகத்தின் ஆரோகணமும் அவரோகணமும் இன்னவை என்று எல்லாப் பாடகர்க்கும் தெரியும். அதனால் எல்லாக் கல்யாணியும் ஒன்றாகிவிட்டதா? வெண்பாவின் தளை தட்டக்கூடாது என்பது விதி. அந்த விதிக்குள்தான் நளவெண்பா எழுந்தது. அவ்வாறே ஆடவல்லான் திருமேனிக்குத் தூக்கிய திருவடி, ஊன்றிய திருவடி, உடுக்கை, தீ, அபயக்கரம், முயலகன் என அனைத்தும் விதிக்கப்பட்டவையே. ஆனால் சோழநாட்டு ஆடவல்லான் திருமேனிகள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றில் ஆட்டம் தொடங்கும் விரைவும் மற்றொன்றில் ஆட்டத்தின் நடுவே நிலைத்த அமைதியும் தோன்றும். ஓலையின் மடிப்பு அளவைத் தரும். உயிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதை ஓலை சொல்வதில்லை. அதைக் கற்க ஒரு சிற்பிக்குத் தந்தையின் பட்டறையில் பல ஆண்டுகள் ஆகின்றன. கலைகள் அறுபத்து நான்கு என்று எண்ணிய முன்னோர் அவற்றுள் மாலை தொடுத்தலையும் சமையலையும் சேர்த்தே எண்ணினர் என்பதையும் இங்கே நினைக்கலாம். கலை, கைத்தொழில் என்ற பிளவு அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

இதனோடு ஒட்டியே, நம் சிற்பிகள் தம்மை மறைத்துக்கொண்ட பெயரறியாதவர்கள் என்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும் அது முழு உண்மையன்று. தஞ்சைக் கோயிலை எடுத்த தலைமைச் சிற்பியின் பெயர் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். மன்னனின் பெயரையே பட்டமாகச் சூடியவர்; அவர் பெயர் அக்கோயிலின் கல்லிலேயே இருக்கிறது. நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்னும் பெயர்களும் உண்டு. சித்தன்னவாசல் சமணக் குகைக் கோயிலைப் பாண்டியன் சீவல்லபன் காலத்தில் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பதை அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. சிதம்பரத்தின் வடக்குக் கோபுரத்தில் சிற்பிகளின் உருவமே, அளவுகோலுடன், பெயர் பொறித்து வைக்கப்பட்டுள்ளது. போசள நாட்டில் மல்லிதம்மா போன்றோர் தாம் செய்த சிலையின் அடியிலேயே கையொப்பமிட்டனர். தஞ்சைக் கல்வெட்டுகளில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், எந்தத் தெருவில் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்ற குறிப்புடன் பெயர் பெயராக எழுதப்பட்டுள்ளனர்; ஆளுக்கு ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களைத் தொடர்ந்து நட்டுவர், பாடுவோர், தச்சர், தையற்காரர், கணக்கர் எனப் பட்டியல் நீள்கிறது. பெயரறியாத தொண்டர் என்று நாம் புகழ்வோரில் பலர்க்கு முகவரியே இருந்தது. படிக்காமல் விட்டது நாம்.

அலங்காரம் என்று எண்ணுவோர் ஒரு பக்கம் பிழை செய்தால், கலைச்சுவைஞர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் மறுபக்கம் பிழை செய்கின்றனர். அவர்களுக்கு வழிபாடு மேற்பூச்சு, கலை உயிர். பட்டும் சந்தனமும் எண்ணெயும் சிற்பத்தை மறைக்கும் இடையூறுகள். அவற்றை நீக்கி, வெண்சுவரின் முன்னே, விளக்கொளியில் நிறுத்தினால்தான் திருமேனியின் உண்மை வெளிப்படும் என்பது அவர்கள் எண்ணம். பிரெஞ்சுச் சிற்பி ரொதேன், சென்னை அருங்காட்சியகத்து நடராசர் திருமேனிகளின் புகைப்படங்களை மட்டும் கண்டு, 1913இல் வியந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைவுக்குப்பின் 1921இல் அது அச்சேறியது. கடல் கடந்த ஒரு பெருஞ்சிற்பி அத்திருமேனியின் தோளையும் இடையையும் அவ்வளவு கூர்ந்து நோக்கியது நமக்குப் பெருமையே. ஆனால் அவர் கண்டது நிற்கும் உலோகத்தை. திருவாதிரை அன்று, பல்லக்குத் தண்டு செருகப் பீடத்தில் விடப்பட்ட துளைகளின் வழியே தண்டு ஏற்றி, தோள்கள் மாறி மாறித் தாங்க, தீவட்டியின் அசையும் ஒளியில் வீதி வரும் ஆடவல்லானை அவர் கண்டதில்லை. அந்தத் துளைகளும் சிற்பியின் திட்டத்தில் அடங்கியவை. ஆடுவதாகச் செய்யப்பட்ட திருமேனி, தூக்கிச் செல்லும்போது மெய்யாகவே ஆடும். நூற்றாண்டுக் கணக்கில் திருமஞ்சனம் கொண்டதால் மூக்கும் உதடும் தேய்ந்து மழுங்கிய பழந்திருமேனிகள் பல உண்டு. அருங்காட்சியகக் குறிப்பு அதனைத் தேய்மானம் என்று எழுதும். அத்தனை தலைமுறைகளின் கைகள் அங்கே பட்டிருக்கின்றன என்றும் எழுதலாம்.

இந்த இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்த்துவிடும் என்பதற்குக் கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தின் கதை போதும். 1951ஆம் ஆண்டு அவ்வூரில் மண்ணுக்கடியிலிருந்து சில செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று பத்தாம் நூற்றாண்டின் நடராசர். திருமேனிகள் ஊர்க் கோயிலுக்கே அளிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் பழுதுபார்ப்பதற்கென்று நடராசர் வெளியே அனுப்பப்பட்டார். கோயிலுக்குத் திரும்பியது பிரதி. மூலத் திருமேனி கைமாறிக் கைமாறிச் சென்றது. 1965இல், இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றிய தம் நூலில், கோயிலில் இருப்பது மூலமன்று என்பதைக் குறிப்பிட்டார். பின்னர் அத்திருமேனி அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்னும் செல்வரின் தொகுப்பைச் சேர்ந்தது. இந்திய அரசு வழக்குத் தொடுத்து, உடன்பாடு கண்டு, 1986இல் பெருமான் தாயகம் திரும்பினார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்கும் பக்தர் உள்ளத்தில் ஒரு வலி எழும். அந்த ஆண்டுகளில் பிரதியின் முன் காட்டிய கற்பூரம் வீணா? நம் மரபில் அது வீணன்று. ஆவாகனமும் அன்பும் இருக்குமிடத்தில் மண்ணால் பிடித்த பிள்ளையாரும் தெய்வமே. மஞ்சளிலும் சாணத்திலும் கூட அவரை எழுந்தருளச் செய்யும் மக்கள் நாம். ஆனால் இதே உண்மையை ஒரு வசதியாக்கிக்கொள்வதில்தான் ஆபத்து நுழைகிறது. எந்தத் திருமேனியிலும் இறைவன் இருப்பான் என்றால், இந்தத் திருமேனியை உற்று நோக்க வேண்டிய தேவை என்ன என்று கண் சோர்ந்துவிடுகிறது. கண் சோர்ந்த கோயிலில், திருமேனியைக் கலைப்பொருளாக மட்டும் காணும் கண் உள்ளே நுழைந்து வேலையை முடித்துவிடுகிறது. தரிசனம் என்னும் சொல்லுக்குப் பொருளே காணுதல். கண்ணை மூடிக்கொண்டு வேண்டுவதற்கு முன் கண்ணைத் திறந்து காண வேண்டும் என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. திருமேனி செய்து முடித்தபின், கடைசியாகப் பொன்னூசி கொண்டு கண் திறக்கும் சடங்கு ஒன்றை வைத்தார்களே, இருபுறமும் கண் திறந்திருந்தால்தான் தரிசனம் நிறைவேறும் என்று எண்ணித்தான் வைத்தார்கள் போலும்.

இனித் திருப்பணியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். இதழ் படிக்கும் அன்பர்களில் பலர் ஊர்க் கோயில் திருப்பணிக்குப் பொருள் தருவோர். சிலர் திருப்பணிக் குழுவிலேயே இருப்போர். பழங்கோயிலைப் புதுப்பிப்பது நம் சாத்திரத்துக்கு மாறானதன்று. சீர்ணோத்தாரணம் என்று ஆகமங்கள் அதனை விதித்திருக்கின்றன. மயமதம் போன்ற சிற்ப நூல்களில் அதற்கெனத் தனி இயலே உண்டு. தஞ்சையில் நாயக்கர் காலத்தவர் சோழர் ஓவியத்தின்மேல் பூசியதையும் அந்த வகையிலேயே பார்க்க வேண்டும். ஆனால் அவர்கள் பூசியது சுண்ணாம்புச் சுதை. அதன்மேல் எழுதியோர் தேர்ந்த ஓவியர். அடியிலிருந்த சோழர் ஓவியமோ, ஈரம் உலராத சுண்ணாம்பின்மேல் காவியும் மஞ்சளும் கரியும் கொண்டு எழுதப்பட்டது. உலரும்போது வண்ணம் சுதையோடு ஒன்றாகி இறுகிவிடும். எழுதிய கோட்டைத் திருத்த நேரம் கிடையாது. அவ்வளவு உறுதியாக எழுதப்பட்டதனாலேயே மேற்பூச்சையும் தாங்கி அது நின்றது. மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தையும் வீணாக்காமல், தொல்லியல் துறையின் வேதியியல் அறிஞர்கள் அதைத் தனியே பெயர்த்தெடுத்து வேறு பலகைகளில் ஒட்டிப் பாதுகாத்தனர். ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றை அழிக்கத்தான் வேண்டும் என்பதில்லை.

இக்காலத்துப் பூச்சு அத்தகையதன்று. கருங்கல் தூணில் எனாமல் வண்ணம் ஏறினால் கல்லுக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் போகிறது. சில ஆண்டுகளில் வண்ணம் செதில் செதிலாக உரிகிறது. அதனைப் போக்க மணலை அழுத்தக் காற்றோடு வீசியடிக்கும் முறையைக் கொண்டுவந்தனர். ஒரு நாளில் தூண் பளிச்சென்று வெளுத்துவிடும். பார்ப்போர்க்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் வெளுத்தது அழுக்கு மட்டுமன்று. ஆயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் இறுகிய கல்லின் மேற்றோலும் போய்விடுகிறது. கல்வெட்டு எழுத்து பெரும்பாலும் மிக மெல்லிய பள்ளம்தான். அதன் விளிம்பு மழுங்கினால் எழுத்தே போயிற்று. எந்த அடியார் எத்தனை ஆடு தந்து எந்த விளக்கை எரிக்கச் சொன்னார் என்பது அங்கே இருந்திருக்கும். தம் பெயரைப் புதிய பளிங்குக் கல்லில் பொறிக்கும் உபயதாரர், பழைய உபயதாரரின் பெயரை அழித்துவிட்டு அதைச் செய்ய விரும்புவாரா? இம்முறைக்குத் தமிழக அரசு தடை விதித்திருக்கிறது. பழங்கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது பற்றி 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் 75 கட்டளைகளையும் பிறப்பித்தது. எனினும் நீதிமன்றம் ஒவ்வொரு ஊர் மண்டபத்திலும் வந்து நிற்க இயலாது. அங்கே நிற்பவர் ஊராரே.

அங்கே நிற்பவர் பெரிய படிப்பாளியாக இருக்க வேண்டியதில்லை. சாரம் கட்டும் முன் ஒருமுறை கேட்டால் போதும்: இந்தச் சுவரின் வெள்ளைக்கு அடியில் வண்ணம் உண்டா? இந்தத் தூணில் எழுத்து உண்டா? தாராசுரத்துக் கோயிலில் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாக, தமிழில் பெயர் எழுதி வரிசையாக இருக்கின்றன. தெரியாதவர் அதன்மேல் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் போவார். தெரிந்தவர் குனிந்து படிப்பார்.

இராசராசன் தன் கோயிலுக்குத் தானும், தமக்கை குந்தவையாரும், அரசியரும், அதிகாரிகளும் அளித்த செப்புத் திருமேனிகள் அறுபதுக்கு மேற்பட்டவற்றைக் கல்லில் பதிந்து வைத்தான். எத்தனை திருக்கரம், எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், பீடம் எவ்வளவு, சாத்திய நகையில் முத்து எத்தனை, ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தபோது எடை எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. அத்திருமேனிகளில் இன்று எஞ்சியவை மிகச் சில. கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் 1950களின் பிற்பகுதியிலிருந்து ஊர் ஊராகச் சென்று எடுத்த புகைப்படங்கள், திருடுபோன திருமேனிகள் பலவற்றை அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் அடையாளம் காண உதவின. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. குடமுழுக்குக்கு நாள் குறிக்கும்போதே, கோயில் அலுவலரின் அனுமதி பெற்று, சுவரையும் தூணையும் திருமேனியையும் முன்னும் பின்னுமாகப் படமெடுத்து, ஒரு படி கோயிலிலும் ஒரு படி ஊர்ப் பள்ளியிலும் வைக்கலாம். சுதை பூச வேண்டிய இடம் இருந்தால், அதற்குச் சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்ச் சாறும் பனைவெல்லமும் கலந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கின்றனர். அந்தச் சாந்து ஊறுவதற்கு நாள் பிடிக்கும். இரண்டு வாரத்தில் முடிந்துவிடாது. குழுவினர் முகூர்த்த நாளைத் தள்ளி வைத்தாவது அதற்கு வேண்டிய காலத்தைத் தர வேண்டும்.